கொங்கு நாட்டுப் பட்டறைகளும் பந்தயக் கார்களும்

தினமும் வேலைக்கும் சந்தைக்கும் போய்வரும் காரைப் பிரித்து, அதன் இஞ்சினையும் பிரேக்கையும் ஸ்பிரிங்கையும் மாற்றியமைத்து, பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் இந்தியாவில் சில ஊர்களில்தான் தொழிலாக வளர்ந்தது. சென்னை, பம்பாய், கல்கத்தா, பெங்களூர் ஆகியவற்றோடு அந்த வரிசையில் கோயம்புத்தூரும் உண்டு. மற்ற நான்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளும் மோட்டார் கிளப்புகளும் இருந்த பெருநகரங்கள். கோயம்புத்தூரில் இந்தத் தொழில் வேர் பிடித்த இடம் பஸ் ஷெட்.

1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார வருவாய் அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் வேலை செய்து பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார் என்பது கொங்கு நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்த கதை. வாங்கிய வண்டியைப் பிரித்துப் பூட்டித்தான் மோட்டார் தொழிலையே அவர் கற்றார் என்பார்கள். 1920-ல் ஒற்றை பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் தொடங்கிய ஓட்டம் யூ.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியாயிற்று. பொள்ளாச்சியில் பி. நாச்சிமுத்துக் கவுண்டரின் ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட் 1931-ல் எழுந்தது. எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்ட் பிரதர்ஸ் (எல்.ஜி.பி.) 1937-ல் போக்குவரத்துக் கம்பெனியாகத்தான் பிறந்தது. பின்னாளில் இவற்றில் ஒன்று மாருதி கார்களை விற்றது, இன்னொன்று பந்தயக் கார்களுக்குப் பெயர் கொடுத்தது. அந்தத் தொடர்ச்சி தற்செயலாக வந்ததல்ல.

அந்தக் கால பஸ் சேஸிஸ்கள் அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கப்பலில் வந்தவை. பிஸ்டன் உடைந்தாலோ கியர் பல் போனாலோ மாற்றுச் சாமான் வரும்வரை மாதக்கணக்கில் வண்டியை நிறுத்திவைத்தால் கம்பெனி மூழ்கிவிடும். ஆகவே ஷெட்டுக்குள்ளேயே லேத் வந்தது, போரிங் மிஷின் வந்தது, உலைக்களம் வந்தது. சமவெளியை எண்ணிச் செய்த வண்டிகளை வால்பாறைக்கும் ஊட்டிக்கும் ஏற்ற வேண்டியிருந்ததால், பின்அச்சின் கியர் விகிதத்தை மாற்றுவதும் பிரேக் லைனிங்கை வேறு கனத்தில் ஒட்டுவதும் அன்றாட வேலைகளாயின. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தபோது தமிழ்நாட்டு பஸ்களின் பின்புறத்தில் கரியடுப்பைக் கட்டி, கரி எரிந்து வரும் வாயுவால் இஞ்சினை ஓட்டினார்கள். பெட்ரோலுக்காகச் செய்த இஞ்சின் கரிவாயுவில் ஓட வேண்டுமானால் காற்றும் வாயுவும் கலக்கும் அளவையும் பொறி விழும் நேரத்தையும் மாற்றியமைக்க வேண்டும். வேகத்துக்காக அல்ல, வண்டி நிற்காமல் ஓடுவதற்காகச் செய்த ட்யூனிங் அது. ஆனால் கைக்குப் பழக்கமான வேலை ஒன்றுதான்.

பஸ் ஷெட்டுக்குப் பக்கபலமாக ஊரே ஒரு பட்டறையாக மாறிக்கொண்டிருந்தது. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கி நூற்பாலைகள் பெருகின. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் வேகமாகப் பரவின. ஆலை எந்திரங்களைப் பழுதுபார்க்க வந்த ஃபவுண்டரிகள் கிணற்றுப் பம்புகளை வார்க்கத் தொடங்கின. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே முதல் மின்மோட்டாரை 1937-ல் செய்தார்கள். 1926-ல் பி.எஸ்.ஜி. தொழிற்பள்ளியும், 1945-ல் நாயுடுவின் முயற்சியில் ஆர்தர் ஹோப் பெயரிலான தொழில்நுட்பப் பள்ளியும், 1951-ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும் வந்தன. பீளமேட்டிலும் கணபதியிலும் ஒரு தெருவில் மாதிரிக் கட்டை செதுக்குபவர், அடுத்த தெருவில் அதை வைத்து வார்ப்பவர், அதற்கடுத்த தெருவில் கடைசல் பிடிப்பவர் என்று வேலை கைமாறியது. பந்தயக் காருக்கு ஒரே ஒரு இன்டேக் மேனிஃபோல்ட் வேண்டுமென்றால் பெரிய தொழிற்சாலை எதுவும் செய்துதராது. இந்தத் தெருக்களில் ஒரு சாமானும் செய்துதருவார்கள், ஓராயிரமும் செய்துதருவார்கள். கோவை ட்யூனிங்கின் அடிப்படைப் பலம் இதுதான். அந்தப் பலம் எவருடைய தனித்திறமையையும்விடப் பெரியது.

சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. அம்பாசடர், ஃபியட் 1100, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று மூன்றே வகைக் கார்கள். அவற்றுக்கும் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் கார் இருபது, முப்பது வருடம் ஓடியது. போர் தேய்ந்தால் ரீபோர், கிராங்க் தேய்ந்தால் கிரைண்டிங், ஹெட் வளைந்தால் ஃபேசிங். 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் அம்பாசடரில் டீசல் இஞ்சினைப் பொருத்தும் வேலையும் சேர்ந்துகொண்டது. கொங்கு நாட்டின் மற்ற ஊர்களும் இதே பாதையில் சென்றன. கரூர் பஸ் பாடி கட்டியது. நாமக்கல் லாரி பாடி கட்டியது. திருச்செங்கோடு லாரியின் முதுகில் போர்வெல் எந்திரத்தை ஏற்றி நாடெங்கும் அனுப்பியது. கம்பெனி கொடுத்த வண்டியை அப்படியே ஓட்ட வேண்டியதில்லை, தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இங்கே துணிச்சலாகவே கருதப்படவில்லை. 1960-ல் கோவையின் எல்ஜி நிறுவனம் காற்றுக் கம்ப்ரஸர் செய்யத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து ரூட்ஸ் ஹாரனும் பிரிக்கால் ஸ்பீடோமீட்டரும் வந்தன. எல்.ஜி.பி. பஸ்ஸிலிருந்து செயின் தயாரிப்புக்கு நகர்ந்தது. 1972-ல் பஸ்கள் அரசுடைமையாகிச் சேரன் போக்குவரத்துக் கழகம் உருவானபோது, மோட்டார் தொழில் தெரிந்த குடும்பங்களின் கவனம் உதிரிபாகங்களின் பக்கமும் கார் விற்பனையின் பக்கமும் திரும்பியது.

வேகத்துக்கென்று வண்டியைத் தயார் செய்ய வேண்டிய தேவையை உண்டாக்கியது சோழவரம். சென்னைக்கு வடக்கே போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுபாதையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1950களிலிருந்து பந்தயம் நடத்தியது. பிப்ரவரிப் பந்தயங்களைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. கோவையிலிருந்து அங்கே போக ஏறத்தாழ 500 கிலோமீட்டர். சிலர் காரை லாரியில் ஏற்றிப் போனார்கள். சிலர் ஓட்டிக்கொண்டே போய், பம்பரையும் பின்சீட்டையும் கழற்றி வைத்துவிட்டுப் பந்தயத்தில் ஓடி, மீண்டும் பூட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

அன்றைய ட்யூனிங்குக்கு உகந்த வண்டி ஃபியட். பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய அதன் 1089 சி.சி. இஞ்சின் சிறியது, உறுதியானது, தெருவோர மெக்கானிக்குக்கும் தெரிந்தது. வேலை ஹெட்டிலிருந்து தொடங்கும். ஹெட்டின் அடிப்பரப்பை மில்லிமீட்டரில் ஒரு பங்கு சீவினால் எரியறையின் கொள்ளளவு குறையும், கம்ப்ரஷன் ஏறும், அதே பெட்ரோலில் கூடுதல் விசை கிடைக்கும். அளவுக்கு மீறிச் சீவினால் இஞ்சின் தட்டும். அன்றைய பெட்ரோலின் தரத்துக்கு அந்த எல்லை கிட்டத்திலேயே இருந்தது. அடுத்தது போர்ட் வேலை. காற்று உள்ளே வரும் வழியிலும் புகை வெளியேறும் வழியிலும் வார்ப்பில் இருக்கும் சொரசொரப்பைக் கையால் தேய்த்து வழவழப்பாக்கி, மேனிஃபோல்டின் துளையும் ஹெட்டின் துளையும் ஒன்றோடொன்று பொருந்தச் செய்வார்கள். நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை இது. பெரிய கருவி எதுவும் வேண்டாம், பொறுமை வேண்டும். கேம்ஷாஃப்டின் முகட்டை வேறு வடிவில் அரைத்தால் வால்வு அதிக நேரம் திறந்திருக்கும். அப்போது இஞ்சின் மேல்வேகத்தில் பாயும், கீழ்வேகத்தில் திணறும். தெருவில் ஓட்ட அது தொல்லை, தடத்தில் லாபம். ஒரு கார்புரேட்டருக்குப் பதில் இரண்டு, எடை குறைத்த ஃப்ளைவீல், குழாய்களை வளைத்துச் சேர்த்த எக்ஸாஸ்ட், வெட்டிக் குட்டையாக்கிய ஸ்பிரிங் என்று பட்டியல் நீளும். ஆனால் அனுபவப்பட்ட ட்யூனர்கள் பிரேக்கைக் கவனித்த பிறகே இஞ்சினைத் தொட்டார்கள். டிரம் பிரேக் நாலு சுற்றில் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். அப்படிப்பட்ட வண்டிக்கு எத்தனை குதிரைசக்தி கொடுத்தாலும் வளைவுக்கு முன்னால் காலை எடுத்தே ஆக வேண்டும்.

இத்தனையும் செய்து சோழவரம் போனாலும் முன்வரிசையில் நின்றவை வேறு வண்டிகள். செல்வந்தர்கள் வெளிநாட்டிலிருந்து பழைய ஃபார்முலா கார்களை வரவழைத்தார்கள். விஜய் மல்லையா, ஒரு காலத்தில் எஃப்1 பந்தயங்களில் ஓடிய என்சைன் காரையே இங்கே கொண்டுவந்து ஓட்டினார். பார்க்க அழகுதான், ஆனால் அந்த வழியில் பந்தயக்காரர்களின் எண்ணிக்கை கூடாது. வண்டி வாங்க வசதி இல்லாத திறமைசாலிக்கு அங்கே இடமில்லை.

அந்த இடத்தை உண்டாக்கியவர் சுந்தரம் கரிவர்தன். 1954-ல், கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்தவர். வேண்டிய காரை இறக்குமதி செய்துகொள்ளும் வசதி அவருக்கு இருந்தது. அவரே வேகமான பந்தய ஓட்டுநர். இருந்தும் அவருடைய மனம் மற்றவர்களும் ஓட்டக்கூடிய காரைச் செய்வதில் சென்றது. மெக்டவல் 1000 என்ற பெயரில் தொடக்கநிலைப் பந்தயக் காரை வடிவமைத்தார். 1980களின் இறுதியில் அவருடைய ஃபார்முலா மாருதி வந்தது. இந்திய மோட்டார் பந்தய வரலாற்றில் இதற்கு இணையான உள்நாட்டு முயற்சி வேறொன்றைச் சொல்வது கடினம்.

அதன் நுட்பத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-இல் இருந்தது 796 சி.சி., மூன்று சிலிண்டர் சுசுகி இஞ்சின். முன்சக்கரங்களை இயக்கும் வண்டியாதலால் இஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே கட்டாகச் சேர்ந்திருக்கும். ஃபியட்டிலோ அம்பாசடரிலோ இஞ்சின் முன்னால், டிஃபரன்ஷியல் பின்னால், நடுவே நீண்ட புரொப்பல்லர் ஷாஃப்ட். அதைக் கொண்டு ஓட்டுநருக்குப் பின்னால் இஞ்சின் வைத்த ஒற்றை இருக்கைக் காரைச் செய்யப் புதிய கியர்பாக்ஸ் தேட வேண்டும். மாருதியின் கட்டை அப்படியே கழற்றி, எஃகுக் குழாய்களால் ஆன சட்டத்தில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தினால் பின்சக்கரங்களை இயக்கும் ஃபார்முலா கார் ரெடி. மேலே ஃபைபர் கிளாஸ் உடல். இஞ்சின் சாமான்கள் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். விபத்தில் குழாய் வளைந்தால் வெட்டி வெல்டிங் வைக்கலாம். மாருதியின் இஞ்சினில் இருந்த சக்தி அதிகமில்லை. ஆனால் அந்தச் சின்ன எடைக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கார் மெலிந்திருந்தால் சிறிய இஞ்சினும் பெரிய வேலை செய்யும் என்பதை இந்தக் காரில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் உடம்பால் உணர்ந்தார்கள்.

எல்லாருக்கும் ஒரே மாதிரியான கார் என்பது இதன் அடுத்த சிறப்பு. பணத்தால் வாங்கக்கூடிய சாதகம் குறைந்தது, ஓட்டும் திறமை வெளியே தெரிந்தது. கரிவர்தனின் உறவினர் நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஃபார்முலா மாருதியில்தான் ஓட்டினார். கருண் சந்தோக் போன்ற அடுத்த தலைமுறையினரும் இந்த வகைக் காரில் தொடங்கியவர்களே. நரேனின் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியைப் பலமுறை வென்றவர். நரேன் 1992-ல் பிரான்சின் எல்ஃப் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளிக்குப் போனார். 1996-ல் ஃபார்முலா ஆசியா பட்டம் வென்றார். 2005 மார்ச்சில் ஜோர்டான் அணிக்காக மெல்போர்னில் ஓடி, எஃப்1 பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார். கோவைப் பட்டறைகளில் தயாரான கார் ஒன்றிலிருந்து அந்த இடம்வரை போன பாதை நேரானது. அதைப் பார்க்கக் கரிவர்தன் உயிரோடு இல்லை. 1995-ல், 41-ஆம் வயதில், அவர் விமான விபத்தில் இறந்தார். அவரோடு வளர்ந்த பந்தயக்காரர்களும் மெக்கானிக்குகளும் வேலையை நிறுத்தவில்லை. அவர்களில் பந்தய ஓட்டுநர் ஜே. ஆனந்த் பின்னாளில் கோவையிலேயே பந்தயக் கார்கள் தயாரிக்கும் நிறுவனத்தைக் கட்டினார்.

மாருதி வந்தது கூரையுள்ள கார்களின் பந்தயத்தையும் மாற்றியது. 1990களில் ஜென்னும் எஸ்டீமும் வந்தன. எஸ்டீமின் 1298 சி.சி. இஞ்சின் ட்யூனர்களின் செல்லப்பிள்ளையாயிற்று. அலுமினியத்தால் ஆன, எடை குறைந்த, உயர்சுழற்சிக்குத் தயங்காத இஞ்சின் அது. ஜிப்சியிலும் 1.3 லிட்டர் இஞ்சின் வந்ததால் தடத்தில் கற்றதை ராலியிலும் பயன்படுத்த முடிந்தது. 2000-ல் வந்த ஹோண்டா சிட்டி வீ-டெக், கேமின் இரண்டு குணங்களையும் ஒரே இஞ்சினுக்குள் கொண்டுவந்தது: கீழ்வேகத்தில் சாது, மேல்வேகத்தில் பாய்ச்சல். முன்பு பட்டறையில் கேமை அரைத்துப் பெற்றதைக் கம்பெனியே தந்த காலம் தொடங்கியது. எஸ்டீமும் சிட்டியும் தேசிய டூரிங் கார் பந்தயங்களில் நீண்டகாலம் ஓடின.

ராலி என்றால் கொங்கு நாட்டில் கேத்தனூர். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்காகப் பல்லடத்தைச் சுற்றிக் காற்றாலைகளை நிறுத்தியபோது, ஒவ்வொன்றுக்கும் போக மண்சாலைகள் போட்டார்கள். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத அந்தச் செம்மண் சாலைகள் தேசிய ராலிப் போட்டியின் கோவைச் சுற்றுக்குத் தடமாயின. ராலிக் காரின் ட்யூனிங் வேறு கணக்கு. தட்டையான தடத்தில் காரைத் தரையோடு ஒட்ட இறக்குவார்கள், இங்கே உயர்த்துவார்கள். அடிவயிற்றில் தகடு அடிப்பார்கள், காற்று வடிகட்டியைப் புழுதி புகாத இடத்துக்கு மாற்றுவார்கள்.

தட்டையான தடம் கோவைக்கு வெகுகாலம் இல்லை. சோழவரத்துக்குப் பதிலாக இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் நிரந்தரத் தடம் வந்தபோதும் தூரம் அதேதான். ஒரு மாற்றம் பலன் தருகிறதா என்று பார்க்கக் கோவை ட்யூனருக்கு இருந்த வழிகள் இரண்டு: ஒன்று சென்னைக்குப் போவது, இல்லையென்றால் விடியற்காலையில் பொதுச்சாலையில் ஓட்டிப் பார்ப்பது. இரண்டாவது சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து. இந்த நிலையை மாற்றியது செட்டிபாளையம். எல்.ஜி.பி. நிறுவனத்தின் பி. விஜயகுமார், சிறு விமானங்களுக்கான ஓடுபாதையாக இருந்த நிலத்தில் பந்தயத் தடம் கட்டி, அதற்குக் கரிவர்தனின் பெயரைச் சூட்டினார். கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-ல் திறந்தது. நீளம் சுமார் 2.1 கிலோமீட்டர். ஜே.கே. டயர் தேசியப் பந்தயங்களின் சுற்றுகள் இங்கே நடந்துவருகின்றன.

விஜயகுமாரின் முயற்சியில் ஃபார்முலா மாருதியின் வாரிசுகளும் வந்தன. எல்.ஜி.பி. ஃபார்முலா கார்களில் மாருதியின் 1.3 லிட்டர் இஞ்சின். எல்.ஜி.பி. செயினின் பெயரைத் தாங்கிய ஃபார்முலா ரோலான் காரில் செவர்லேயின் 1.6 லிட்டர் இஞ்சின். கரிவர்தன் வகுத்த விதி அப்படியே தொடர்ந்தது: சந்தையில் கிடைக்கும் காரின் இஞ்சின், உள்ளூரில் வெல்டிங் வைக்கக்கூடிய சட்டம், எல்லாருக்கும் ஒரே கார்.

தடம் குட்டையாக இருந்ததும் ஒருவகையில் நல்லதாயிற்று. செட்டிபாளையத்தில் நேர்பாதைகள் நீளமில்லை. வளைவுகள் அடுத்தடுத்து வரும். மணிக்கு 200 கிலோமீட்டர் தொடும் காருக்கு அந்த வேகத்தைக் காட்ட இடமிருக்காது. இரண்டாவது, மூன்றாவது கியரில் எத்தனை விரைவாக வேகம் பிடிக்கிறது, எத்தனை தாமதமாகப் பிரேக் மிதிக்க முடிகிறது, டயர் எவ்வளவு பற்றுகிறது என்பவையே சுற்று நேரத்தைத் தீர்மானிக்கின்றன. நன்றாகத் தயாரான ஸ்விஃப்டோ போலோவோ விலையில் பன்மடங்கு உயர்ந்த காரை இங்கே விரட்டிப் பிடிக்கும். சிறிய காரில் தொடங்கும் பொழுதுபோக்கு ஓட்டுநருக்கு இதைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் நாட்டில் குறைவு. பின்னர் கோவைக்கு வெளியே இதைவிட நீளமான கோஆஸ்ட் தடம் உருவானபோதும் செட்டிபாளையத்தின் இந்தத் தனித்தன்மை குறையவில்லை.

பந்தயம் இல்லாத நாட்களில் தடத்தை அமெச்சூர் ஓட்டுநர்களுக்கு வாடகைக்குத் திறந்துவிடுவதுதான் டிராக் டே. அங்கே வெற்றி தோல்வி இல்லை. நேர்பாதையில் மட்டுமே முந்தலாம், அதுவும் முன்னால் போகிறவர் கைகாட்டிய பிறகு என்பது பொதுவான ஒழுங்கு. காலையில் ஓட்டுநர்களைக் கூட்டி, கொடிகளின் பொருளைச் சொல்லித்தருவார்கள். மஞ்சள் காட்டினால் முந்தக்கூடாது, சிவப்புக் காட்டினால் ஓட்டம் நிறுத்தம். பிறகு காரைச் சோதிப்பார்கள்: பாட்டரி கட்டியிருக்கிறதா, எண்ணெய் ஒழுகுகிறதா, வீல் நட் இறுகியிருக்கிறதா, உள்ளே உருளக்கூடிய சாமான் ஏதும் கிடக்கிறதா. ஹெல்மெட் கட்டாயம். ஓட்டம் பெரும்பாலும் கால்மணி நேரத் தவணைகளாக இருக்கும். அதற்கு மேல் சாலைக் காரின் பிரேக் தாங்காது. போட்டியாக நடத்த வேண்டுமானால் 1971-ல் அமைந்த இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பின் அனுமதியும் பந்தய ஓட்டுநர் உரிமமும் தேவை.

முதல்முறை வருபவர் செய்ய வேண்டிய மாற்றம் மிகக் குறைவு. அதிக வெப்பத்திலும் கொதிக்காத புதிய பிரேக் எண்ணெய், நல்ல பிரேக் பேட், தேயாத டயர், காற்றழுத்தத்தைச் சரிபார்க்க ஒரு கேஜ் போதும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த எண்ணெய் சூட்டில் ஆவியாகி, மிதித்த பெடல் பஞ்சாகத் தரையைத் தொடும். புதியவர்களைத் தடத்துக்கு வெளியே கொண்டுபோகும் காரணங்களில் இது முன்னால் நிற்பது. அடுத்த படியில் டாம்பரும் ஸ்பிரிங்கும், முன்சக்கரத்தின் காம்பர் கோணமும். வளைவில் கார் சாயும்போது டயரின் வெளி ஓரம் மட்டும் தேயாமல் முழு முகமும் தரையில் படியும்படி சக்கரத்தைச் சற்று உட்பக்கம் சாய்த்து வைப்பார்கள். இஞ்சின் வேலை இவற்றுக்கெல்லாம் பிறகு வருகிறது. கடைசியில் சீட்டுகளைக் கழற்றி, ரோல் கேஜ் பற்றவைத்தால் அந்தக் கார் சாலைக்குத் திரும்பாது. தடத்துக்கு டிரக்கில்தான் வரும்.

அந்தப் பிரிவைச் சட்டமும் வலியுறுத்துகிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்க வழிசெய்தது. பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவது 189-ஆம் பிரிவின் கீழ் தனிக் குற்றம். ஊருக்குப் பக்கத்தில் முறையான தடம் இருப்பதன் அருமை இங்கே விளங்கும். வேகத்தின் மீதுள்ள ஆசையைச் சட்டத்தால் மட்டும் அடக்கிவிட முடியாது. அதற்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும்.

காலப்போக்கில் தொழிலின் கருவிகள் மாறிவிட்டன. கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தபோது, ஜெட்டைத் துளையிட்டுப் பெட்ரோல் அளவை மாற்றிய கை, லேப்டாப்பில் எண்களை மாற்றக் கற்க வேண்டியதாயிற்று. இஞ்சினை ஆளும் ஈ.சி.யு.வில் ஒவ்வொரு சுழற்சி வேகத்துக்கும் எவ்வளவு எரிபொருள், எப்போது பொறி என்று அட்டவணை இருக்கும். அதைத் திருத்தி எழுதுவதே ரீமேப். டர்போ டீசல்களிலும் சிறிய டர்போ பெட்ரோல் இஞ்சின்களிலும் இது ஒரு மணி நேரத்தில் தரும் பலனைப் பழைய வழியில் பெற வாரக்கணக்கில் உழைக்க வேண்டும். ஆனால் 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதிகளுக்குப் பிறகு புகையைக் கண்காணிக்கும் உணரிகள் பெருகின, ஈ.சி.யு.க்கள் எளிதில் திறக்காதபடி பூட்டப்பட்டன. மென்பொருள் வேலை பெருநகரங்களின் சில சிறப்புக் கடைகளுக்கு நகர்கிறது. ரோல் கேஜ் வளைப்பதும், பிரேக் பிராக்கெட் கடைவதும், உடைந்த ஆர்மை வெல்டிங் வைத்து மறுநாள் காலை ஓட்டத்துக்குத் தயார் செய்வதும் இன்னும் கோவைப் பட்டறைகளின் கையில்தான் இருக்கின்றன.

புதிய கைகளும் வருகின்றன. 2010களின் பிற்பகுதியிலிருந்து ஃபார்முலா பாரத் மாணவர் போட்டி செட்டிபாளையத்தில் நடக்கிறது. பொறியியல் கல்லூரி அணிகள் தாங்களே வடிவமைத்த ஒற்றை இருக்கைக் கார்களோடு நாடெங்குமிருந்து ஜனவரியில் வந்து இறங்குகின்றன. பெட்ரோல் இஞ்சின் பிரிவோடு மின்சாரக் கார்ப் பிரிவும் உண்டு. ஓட்டத்துக்கு முன்னால் நாள்கணக்கில் நடக்கும் தொழில்நுட்பச் சோதனையில் தேறாத கார் தடத்தில் இறங்க முடியாது. சட்டத்தின் வெல்டிங், பிரேக், இருக்கைப் பட்டை, மின்காப்பு ஒவ்வொன்றையும் தேர்வாளர்கள் பார்க்கிறார்கள். குறை சொன்னால் மாணவர்கள் சாமானைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஊருக்குள் லேத் தேடிப் போகிறார்கள்.